ஒன்பதாவது கொட்டகையின் பாடம்

காளவாய்க் கொலைப் படத்தின் கடைசிக் காட்சியில், கொலைகாரனின் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல், உயர்த்திய விரலை மடக்கிக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து விரித்து, நெடுங்கரை வள்ளிநாயகி டாக்கீஸில் அமர்ந்திருந்த இருநூற்றுச் சொச்சம் பேரையும் நிதானமாகப் பார்த்து, "உங்கள் ஊரில் யார் என்று சொல்கிறார்கள்?" என்று துப்பறிவாளர் கோதண்டம் கேட்டது, படம் வெளியான இரண்டாம் நாள், சனிக்கிழமை, மதியக் காட்சியில். வேறு எந்த ஊரிலும் அவர் இப்படிக் கேட்கவில்லை. மற்ற ஊர்களில் எல்லாம் உரிய நேரத்தில் விரலை உயர்த்தி உரிய பெயரைச் சொன்னார். மக்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். எங்கள் ஊரில்தான் கேட்டார். ஏனெனில் எங்கள் ஊரில்தான் அந்தக் கேள்விக்குப் பதினான்கு விடைகள் இருந்தன.

அதற்குக் காரணம் ஒரு பைண்டிங் பிழை. படத்துக்கு மூலமான 'மரகதவல்லி அல்லது காளவாய்க் கொலை' என்னும் நாவல் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாலுகா கச்சேரி எழுத்தர் எழுதியது. மரகதவல்லி என்னும் பணக்கார விதவை நஞ்சுண்டு சுண்ணாம்புக் காளவாயின் அருகே இறந்து கிடப்பதில் தொடங்கி, கோதண்டம் எல்லாரையும் ஒரு கூடத்தில் கூட்டிவைத்துக் குற்றவாளியைச் சுட்டுவதில் முடிவது. தமிழ்நாடு முழுவதும் பலமுறை அச்சாகி, படிக்கத் தெரிந்த வீடுகள் தோறும் இருந்தது. நெடுங்கரைக்கு வந்த ஒரே பிரதியில் மட்டும், பதினாறு பக்கம் மடித்துத் தைக்கும் கடைசிப் பாரத்துக்குப் பதிலாக அதற்கு முந்தைய பாரத்தையே இரண்டாம் முறையும் வைத்துத் தைத்திருந்தார்கள். ஆகவே எல்லாரையும் கூடத்துக்கு அழைக்கும் பதினாறு பக்கங்கள் இருமுறை வந்தன. பெயர் சொல்லும் பதினாறு பக்கங்கள் வரவே இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பீடிக் கொட்டகைகளில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் இலை சுருட்டிக்கொண்டே கேட்பார்கள், வாசிப்பவருடைய பங்குப் பீடியை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுப்பார்கள். அந்த ஒரு பிரதி பதினான்கு கொட்டகைகளையும் சுற்றியது. பதினான்கு வாசகர்களும் கடைசிப் பக்கத்தில் வந்து நின்று, கேட்டுக்கொண்டிருந்த கைகள் ஓய்ந்துவிடாதபடி, தத்தம் போக்கில் முடித்துவைத்தார்கள். முதல் கொட்டகையில் கொன்றவன் வண்டிக்காரன், நான்காவதில் மரகதவல்லியின் தம்பி, ஏழாவதில் கோதண்டமே, பதினொன்றாவதில் யாருமே கொல்லவில்லை, அவளே குடித்தாள். பல ஆண்டுகள் கழித்து முழுப் பிரதி ஒன்று வந்து சேர்ந்து, கொன்றவர் வக்கீல் சபாபதி என்று தெரிந்தபோது, அது மெட்ராஸ்காரர்கள் முடிவு என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்த்தது.

இந்தப் பதினான்கு முடிவுகளையும், எங்கள் துறை வழக்கில் சொன்னால் பதினான்கு பாடங்களையும், இளம் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் கொட்டகை கொட்டகையாகச் சென்று பதிவுசெய்து, ஒப்பிட்டு, அட்டவணையிட்டு, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் 'ஒரு கொலையின் பதினான்கு பாடங்கள்' என்று நூலாக்கியவன் நான். எனக்குப் பேராசிரியர் பதவி வாங்கிக் கொடுத்தது அந்த நூல்தான். எது சரியான முடிவு என்று அன்றிலிருந்து என்னைக் கேட்காதவர் ஊரில் இல்லை, வாய்மொழியில் சரியானது என்று ஒன்று கிடையாது என்று நான் விளக்க, தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அது சரி சார், ஆனா யாரு?" என்பார்கள்.

கோதண்டம் கேள்வி கேட்ட அன்று மாலை, டாக்கீஸ் உரிமையாளர் கோமதிநாயகம் புரொஜெக்டரை அணைத்தார், கோதண்டம் அணையவில்லை. மெயினையே நிறுத்தினார், திரையில் கூடத்துச் சரவிளக்கும், அதன் கீழ் கோதண்டமும், அவருக்குப் பின்னால் சோபாக்களில் அமர்ந்திருந்த சந்தேகத்துக்குரிய ஏழு பேரும் முன்போலவே ஒளியோடு இருந்தார்கள். விநியோகக் கம்பெனி அனுப்பிய பொறியாளர் திங்கட்கிழமை வந்து, கருவிகளைச் சோதித்து, கோதண்டத்துக்கு வணக்கம் சொல்லி, பதில் வணக்கம் பெற்று, பழுது ஏதும் இல்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போனார். அதன்பின் ஊர் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, செய்யவேண்டியதைச் செய்யத் தொடங்கியது. பெரிய மனிதர் ஒருவர் கேள்வி கேட்டுக் காத்திருக்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. ஆனால் பதில் சொல்லப் போனால் பீடி நின்றுபோகும். ஆகவே பெண்கள் பீடித்தட்டுகளோடும் இலைக்கட்டுகளோடும் டாக்கீஸுக்கே வந்து, நாற்காலி வரிசைகளுக்கு முன்னால் தரையில் அமர்ந்து, திரையின் வெளிச்சத்திலேயே இலை நறுக்கிச் சுற்றிக்கொண்டு, கொட்டகை வரிசைப்படி தங்கள் தங்கள் முடிவைச் சொல்லலானார்கள். கோதண்டம் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

நாட்கள் செல்லச் செல்ல, ஊர் அவர்களோடு பழகிவிட்டது.

"எப்பா கோதண்டம், கொஞ்சம் வலப்பக்கம் நகந்துக்கோ. ஒன் நிழலு என் தட்டுல விழுது."

அவர் நகர்ந்துகொண்டார்.

"அந்த வக்கீலப் பாரேன், சபைன்னுகூட இல்லாம காலை நீட்டிட்டான்."

"பத்து நாளா ஒரே சோபால உக்காந்தா நீயும்தான் நீட்டுவ. பாவம், அவருக்கு மூட்டுவலியோ என்னமோ."

"கொலைகாரனுக்குப் பரிஞ்சு பேசுதா பாரு."

"அவன் மெட்ராஸ்ல கொலைகாரன். நம்ம கொட்டகையில அவன் சாட்சிதான."

வக்கீல் சபாபதி அதைக் கேட்டு முதன்முறையாகச் சிரித்தார். நூலகக்காரர் நாளிதழைத் திரைக்கு முன் விரித்துப் பிடித்துப் பக்கம் புரட்டினார். ஏழு பேரும் கழுத்தை நீட்டிப் படித்தார்கள். எட்டாம் நாள் யாரோ ஒருவர் காணாமற்போன ஆட்டைப் பற்றிக் கோதண்டத்திடம் முறையிட, அவர் இரண்டே கேள்விகளில் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நான் கடைசி வரிசையில் அமர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னவற்றில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. முதல் கொட்டகையின் வண்டிக்காரனுக்கு ஒற்றைக் கண் என்பது முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் பதிவுசெய்த பாடத்தில் இல்லவே இல்லை. நான்காவதில் தம்பி செல்பேசியில் பேசினான். ஏழாவதில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் மாமியார் முழுதாகப் புகுந்திருந்தாள். இரண்டுமுறை எழுந்து ஆட்சேபித்தேன். "சார், நீங்க எழுதினது அப்ப சொன்னது. இது இப்ப சொல்லுதது" என்றார்கள். கோதண்டமோ யார் சொன்னது, எப்போது கேட்டது என்று ஒன்றும் வினவாமல், தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டே போனார். கள ஆய்வு முறை தெரியாத ஒரு மனிதரிடம் என் வாழ்நாள் உழைப்பு இப்படி அகப்பட்டதே என்று எனக்கு உணவு செல்லவில்லை.

படம் வெளியான பதினொன்றாம் நாள் பதின்மூன்று கொட்டகைகள் முடிந்தன. கோதண்டம் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "ஒன்பதாவது?" என்றார்.

ஒன்பதாவது கொட்டகை சுண்ணாம்புச் சாலையில் இருந்தது, எப்போதோ மூடப்பட்டது, அங்கே கேட்டவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. ஊரார் என் நூலைக் கொண்டுவந்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்துத் திரைமுன் காட்டினார்கள். கோதண்டம் படித்துப் பார்த்துவிட்டு, "நூல் வேண்டாம். கேட்டு எழுதியவர் வரட்டும்" என்றார்.

மறுநாள் காலை கோமதிநாயகம் என் வீட்டுக்கு வந்தார்.

"சார்வாள், நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டியன்னா சோலி முடிஞ்சிரும். ஒம்பதாவது இல்லாம அந்த மனுசன் அசைய மாட்டேங்காரு."

"நூலில் இருக்கிறது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை."

"வெள்ளிக்கெழம புதுப்படம் வருது. தெரையில ஆளு உக்காந்திருக்கும்போது அவுக மேலயே இன்னொரு படத்த எப்படிப் போட? அன்னைக்கு ஹீரோ ஆடும்போது பின்னால வக்கீலு கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பாரு."

உடல்நலம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அடுத்த நாள் நகராட்சித் தலைவர் வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தங்கபுஷ்பம் வந்தாள்.

தங்கபுஷ்பத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். அங்கே, ஒன்பதாவது பாடம் என்னும் தலைப்பின் கீழ், 'கொலைகாரன்: கம்பவுண்டர் மாசானமுத்து' என்று அச்சாகியிருந்தது. மற்றப் பதின்மூன்று பாடங்களிலும் கொலைகாரர்கள் கதையில் மட்டும் இருந்தவர்கள். மாசானமுத்து எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் கம்பவுண்டராக இருந்தவர். நூல் வந்த பிறகு ஊர் அதைப் படித்தது, படித்ததைச் சொன்னது, சொன்னது நடந்ததாயிற்று. நாவலில் வரும் கொலை கற்பனை என்பது ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும். மாசானமுத்து ஓர் எறும்பைக்கூட நசுக்காதவர் என்பதும் தெரியும். இருந்தும் அவர் வீட்டைக் கொலைகாரன் வீடு என்றுதான் தபால்காரருக்கும் அடையாளம் சொன்னார்கள். அவருடைய பேத்தி தங்கபுஷ்பம் மருந்தியல் படித்து வந்து, தேரடி முக்கில் மருந்துக் கடை வைத்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. தைலம் வாங்குவார்கள், பஞ்சு வாங்குவார்கள், சேற்றுப்புண் களிம்பு வாங்குவார்கள், குழந்தைக்குப் பவுடர் வாங்குவார்கள். மேலே பூசுவது எதையும் வாங்குவார்கள். விழுங்குவது எதையும் வாங்கமாட்டார்கள். காய்ச்சல் மாத்திரைக்குப் பேருந்து ஏறி அடுத்த ஊர் போவார்கள். பகை ஒன்றும் இல்லை. கேட்டால், சும்மா ஒரு இதுதான் என்பார்கள். இரத்த அழுத்தத்துக்கான என் மாத்திரையை நானும் பேருந்து ஏறித்தான் வாங்கிவந்தேன்.

அவள் உட்காரவில்லை.

"சார், நீங்க போய் புஸ்தகத்துல உள்ளபடியே சொன்னா அவரு எங்க தாத்தா பேர எழுதிக்கிடுவாரு. பதினாலுல பேரும் ஊரும் உள்ள ஆளு அவரு ஒருத்தர்தான். வெரல நீட்டி அந்தப் பேரத்தான் சொல்லுவாரு. இத்தன நாளு வாய்ல இருந்தது படத்துலயும் வந்துட்டா, அப்புறம் நான் கடைய எடுத்துர வேண்டியதுதான்."

"அதனால்தான் நான் போகவே இல்லை அம்மா."

"போகாட்டாலும் அந்தப் பக்கம் அங்ஙனதான இருக்கு. எங்க தாத்தா ஒங்ககிட்ட வந்தாரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நூல் வந்த ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவை வேட்டியோடு வந்து வாசற்படியின் கீழேயே நின்று, "ஐயா, ஒம்பதாங் கொட்டகைக் கதையில நான் லாந்தர் பிடிச்சவன்லா. சன்னலோரம் நின்னு கேட்டு நானே சிரிச்சிருக்கேன்" என்றார். வாய்மொழியில் பெயர்கள் இடம் மாறுவது இயல்பு, அதைத் தனிமனிதர்கள் தம் பொருட்டு எடுத்துக்கொள்ளக்கூடாது என்று அவருக்கு விளக்கினேன். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு ஆண்டுகளில் இறந்தார். இரண்டாம் பதிப்பு வந்தபோது பதினோரு அச்சுப்பிழைகளைத் திருத்தினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தொடவில்லை.

"இந்த விஷயத்தில் ஒரு நெறிமுறை இருக்கிறது," என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். லாந்தர் பிடிச்சாரா, இல்லையா?"

அன்று மதியக் காட்சிக்குப் போனேன். தரையிலும் நாற்காலிகளிலும் படிகளிலும் ஊர் நிறைந்திருந்தது. தங்கபுஷ்பம் கடைசி வரிசையில், கதவை ஒட்டி நின்றாள். நான் முன்னால் சென்றதும் கோதண்டம் எழுந்து நின்றார். முடிவு சொன்ன மற்றவர்களிடம் இத்தனை நாளும் ஒரு கேள்வியும் கேட்காத அந்த மனிதர் என்னிடம் கேட்கத் தொடங்கினார்.

"ஒன்பதாவது முடிவைத் தமக்குச் சொன்னவர் யார்?"

"இருவர்."

"ஒன்றாக இருந்தபோதா, தனித்தனியாகவா?"

"தனித்தனியாக. மூன்று வார இடைவெளியில்."

"முதலாமவர் சொன்னது அட்சரம் பிசகாமல்?"

"'கம்பவுண்டருதான் மருந்துல கலந்து குடுத்துட்டான்.'"

"பெயர்?"

"சொல்லவில்லை."

"தாம் கேட்டீரா?"

"கேட்டேன். கதையில் கம்பவுண்டருக்குப் பேர் ஏது என்றார்."

"இரண்டாமவர்?"

"நோயில் படுத்திருந்தார். 'நம்ம மாசானமுத்துகூட அதுல வருவாரு' என்றார். எதற்காக வருவார் என்று சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது. ஒன்பதாவது கொட்டகையின் வாசகர் ஊர்க்காரர் பெயர்களைக் கதைக்குள் நுழைத்துச் சிரிக்கவைப்பவர் என்பது எனக்குத் தெரியும். மறுபடியும் போய்க் கேட்டிருக்கலாம்."

"ஏன் போகவில்லை?"

அரங்கில் இலை நறுக்கும் கத்தரிகள் நின்றிருந்தன. அட்டவணை அச்சகத்துக்குப் போகவேண்டியிருந்தது என்றேன். பதினான்கு வரிசை, ஆறு பத்தி, மொத்தம் எண்பத்து நான்கு கட்டம். எண்பத்து மூன்று நிரம்பியிருந்தன, ஒன்று காலியாக இருந்தது, அந்த ஒரு காலிக் கட்டத்தை என்னால் பொறுக்க முடியவில்லை என்றேன்.

"இருவர் சொல்லையும் சேர்த்து ஒன்றாக்கியது யார்?"

"நான்."

"மாசானமுத்து கொன்றதாக ஒன்பதாவது கொட்டகையில் எவரேனும் எக்காலத்திலேனும் சொன்னதுண்டா?"

"இல்லை. அவர் லாந்தர் பிடித்து நின்றார். பிறகு அவரே வந்து என்னிடம் சொன்னார். நான் திருத்தவில்லை."

கோதண்டம் கடைசி வரியை எழுதி, குறிப்பேட்டை மூடிக் கோட்டுப் பையில் வைத்து, பின்னால் இருந்த ஏழு பேரையும் நிமிர்ந்து உட்காரும்படி சைகை காட்டினார். வக்கீல் காலை மடக்கிக்கொண்டார். பின்னணி இசை விட்ட இடத்திலிருந்து எழுந்தது. அவர் விரலை உயர்த்தி, கணீரென்ற குரலில் கொலைகாரனின் பெயரைச் சொன்னார். எந்தப் பெயரைச் சொன்னார் என்று நெடுங்கரையில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் ஊர் முழுவதும் திரைக்கு முதுகைக் காட்டி, பின்வரிசை நாற்காலிகளுக்கிடையே வெளியேற வழி தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வணக்கம் என்னும் எழுத்துகள் தோன்றி மறைந்தன. வெள்ளிக்கிழமை புதுப்படம் போட்டார்கள்.

ஒரு வாரத்தில் பதினைந்தாவது பாடம் உருவாகிவிட்டது. அதன்படி மரகதவல்லியைக் கொன்றவர் புரொபசர். கம்பவுண்டர் மாசானமுத்து லாந்தரோடு போய் அதைக் கண்ணால் கண்டவர். கண்டதைச் சொல்லவிடாமல் புரொபசர் பழியை அவர்மேல் திருப்பிப் புத்தகம் போட்டுவிட்டார். துப்பறிய வந்தவர் பதினான்கு நாள் ஊரிலேயே தங்கி ஒப்புக்கொள்ளவைத்தார். நாவல் வெளிவந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் நான் பிறந்தேன் என்பதைப் பால்காரரிடம் பிறப்புச் சான்றிதழோடு எடுத்துக்காட்டினேன். "அதெல்லாம் இருக்கட்டும் சார்" என்று பாலைக் கொடுத்துவிட்டு வேகமாகப் போனார். மின்கட்டணம் குறிக்க வந்தவர் என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் செய்தது கொலை அன்று, இருவர் சொல்லை ஒன்றாக்கிய பாடக்கலப்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, முறைப்படி ஒரு பிழைதிருத்தம் எழுதி, எட்டுப் பக்கத்தில் துண்டு வெளியீடாக அச்சிட்டு வீடுவீடாகக் கொடுப்பது என்று முடிவுசெய்து, கையெழுத்துப் படியோடு, முதலில் தங்கபுஷ்பத்திடம் காட்டலாம் என்று தேரடி முக்குக்குப் போனேன்.

கடைமுன் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் காய்ச்சல் மாத்திரைச் சீட்டு இருந்தது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் இருமல் மருந்துப் புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தா வாராருல்லா, இவருதான். காப்பில வெசத்த வெச்சுக் குடுத்தாராம். வைக்கோல்போர்ல வெச்சு எரிச்சுப்புட்டாராம். பாத்தா தெரியுதா?"

"ஆளு சாதுவால்லா இருக்காரு."

"அப்படித்தான் இருப்பாக."

காப்பி இல்லை, மருந்து, வைக்கோல்போர் இல்லை, காளவாய், எரிக்கப்படவும் இல்லை. இரண்டு வாக்கியங்களில் மூன்று பிழைகள். கையெழுத்துப் படியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்தேன்.

தங்கபுஷ்பம் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "அது என்ன பேப்பரு சார்?" என்றாள்.

"பிழைதிருத்தம்."

"அத அடிச்சுக் குடுத்தியன்னா என்னாகும்?"

"உண்மை தெரியும். உங்கள் தாத்தாவும் கொல்லவில்லை, நானும் கொல்லவில்லை என்று."

"ரெண்டு பேருமே கொல்லலன்னா இவுக யாரைச் சொல்லுவாக? மறுபடியும் தேடிக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வருவாக. வேண்டாம் சார். திருத்தாதிய."

"நான் பிறந்த தேதியை மட்டுமாவது—"

"ஒண்ணும் வேண்டாம்." கத்தரியை வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒரு சிறு வெள்ளை மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எனக்கு முன்னால் தள்ளினாள். என் மாத்திரையின் பெயரை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "பிரஷருக்கு இதத்தான திங்கிய? இங்ஙனயே முழுங்கிருங்க. எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் பார்த்தார்கள். குழந்தைகூடப் பார்த்தது. கையெழுத்துப் படியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மாத்திரையை நாக்கில் இட்டு, டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.